மென்பவளம் வளர்க்க வருகிறவர்களுக்கு: இனம் காண்பது, வாங்குவது, காப்பாற்றுவது

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் பவளம் என்று வரும்போது பெரும்பாலும் மென்பவளத்தில்தான் கை வைக்கிறார்கள். 'சாஃப்ட் கோரல்தான் சார், ஈஸி' என்று கடைக்காரரும் சொல்வார். அதில் பாதிதான் உண்மை. சில வகைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டாலே நன்றாக வளரும். சில வகைகள் என்ன பாடுபட்டாலும் சில மாதங்களில் கரைந்துபோகும். இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே பெயரில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் தண்ணீர்க் கணக்குக்கு முன்னால் அடையாளத்தைப் பார்த்துவிடலாம். இன்ன வகை என்று தெரிந்துவிட்டால் அதை எங்கே வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது, எப்போது பதறுவது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் பாலிப்பைப் பாருங்கள்

பவளத்தின் மேல் விரிந்திருக்கும் ஒவ்வொரு குட்டிப் பூவும் ஒரு பாலிப். அதன் கைகளை எண்ணுங்கள். சரியாக எட்டுக் கைகள், ஒவ்வொரு கையின் இரண்டு ஓரத்திலும் இறகுபோலச் சிறு பிசிறுகள் இருந்தால் அது அசல் மென்பவளம். கைகள் நிறைய இருந்து, பிசிறில்லாமல் வழவழவென்று தட்டைச் சுற்றி வரிசை கட்டியிருந்தால் அது வேறு கூட்டம். கடையில் மென்பவளம் என்று விற்கும் மஷ்ரூமும் (தட்டையான காளான்போல் இருப்பது) ஜோவாந்திட்டும் (பொத்தான் போன்ற பாலிப்புகள் கூட்டமாக நிற்பது) இந்த வேறு கூட்டம்தான். வளர்ப்பு முறை ஒத்துப்போவதால் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஜோவாந்திட் விஷயத்தில் ஒரு ஆபத்து உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மென்பவளத்துக்கு உள்ளே கல்போன்ற கூடு கிடையாது. சதைக்குள் சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் விரவியிருக்கும், ஸ்கிளிரைட் என்பார்கள். இனப்பெயரைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் சதைத் துண்டை பிளீச்சில் கரைத்து, மிஞ்சும் துணுக்குகளின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆகவே கடையில் நின்றபடியே யாராவது முழு அறிவியல் பெயரை அடித்துச் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குப் பேரினம் தெரிந்தால் போதும்.

அடிக்கடி கண்ணில் படுகிறவை

டோட்ஸ்டூல் லெதர், அதாவது சார்கோஃபைட்டான். தெளிவான தண்டு, மேலே காளான் குடை, குடை முழுக்க நீளமான பாலிப்புகள். பாலிப்புகள் உள்ளே போயிருக்கும்போது குடையைக் கிட்டத்தில் பாருங்கள். பெரிய துளைகளுக்கு நடுவே ஊசி முனையால் குத்தியதுபோல நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவையும் பாலிப்புகளே, இரை பிடிக்கிற வேலை அவற்றுக்கு இல்லை, உடலுக்குள் நீரை இறைத்துவிடுவது மட்டும்தான். இதே புள்ளிகள் லோபோஃபைட்டானிலும் இருக்கும். ஆனால் அதற்குக் குடை கிடையாது; கட்டையான மடிப்புகளும் விரல்களுமாகப் பாறையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும், பாலிப்பும் குட்டை. விரல் விரலாக நீண்டு, எல்லாப் பாலிப்பும் ஒரே அளவாக, இடையில் அந்தப் புள்ளிகளே இல்லாமல் இருந்தால் அது சினுலேரியா. இந்த மூன்றும் 'லெதர்' என்ற பெயரில் வரும். மூன்றுமே புதியவர்களுக்கு ஏற்றவை.

கென்யா ட்ரீ என்பது மரம்போல் கிளைத்துத் தொய்ந்து நிற்கும், பழுப்பும் சாம்பலும் கலந்த பவளம். அழகுப் போட்டியில் பரிசு வாங்காது. ஆனால் சாகடிப்பது கஷ்டம். கிளைகளைத் தானே உதிர்த்து, விழுந்த இடத்தில் வேர்விட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடத்தில் 'போதும்' என்று சொல்ல வைக்கும்.

ஸீனியா, கைகளை மூடித் திறந்து துடித்துக்கொண்டே இருக்கும். இப்படித் துடிப்பதற்குச் சக்தி நிறையச் செலவாகுமே, எதற்காக என்ற கேள்விக்குச் செங்கடலில் வாழும் அதன் உறவுப் பவளம் ஒன்றை ஆராய்ந்து விடை சொன்னார்கள்: துடிப்பு உடலைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை அகற்றுகிறது, அதனால் சதைக்குள் குடியிருந்து பவளத்துக்கு உணவு தரும் நுண்பாசி வேகமாக ஒளிச்சேர்க்கை செய்கிறது. தொட்டியில் இதன் குணம் இரண்டே. ஒன்று, காடாக மண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் கூழாகும். நடுவாந்தரம் அபூர்வம்.

கிரீன் ஸ்டார் பாலிப், ஊதா நிறத் தோல்போல் பாறையை மூடி, அதிலிருந்து பச்சைப் பாலிப்புகளை நீட்டும். தொட்டதும் பச்சை மறைந்து வெறும் ஊதா விரிப்பு தெரிந்தால் இதுதான். கண்ணாடி, பம்ப், பக்கத்துப் பவளம் என்று எதையும் விடாமல் ஏறும். இதையும் ஸீனியாவையும் பிரதானப் பாறையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். மணலுக்கு நடுவே தனித் தீவாக ஒரு கல் போட்டு அதில் வையுங்கள்.

வாங்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். கார்னேஷன் என்று விற்கும் டென்ட்ரோநெஃப்தியா சிவப்பு, ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும். அதன் உடலில் பாசி கிடையாது, வெளிச்சத்தால் பிழைக்காது, நுண்ணுயிர் உணவு நாள் முழுக்க ஓடிவந்துகொண்டே இருக்க வேண்டும். அனுபவசாலிகளே திணறும் வகை இது. தண்டு கண்ணாடிபோலத் தெளிவாக, உள்ளே வெள்ளைக் குச்சிகள் குத்திட்டு நிற்பது தெரிந்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

மஷ்ரூம் வகைகளுக்கு வெளிச்சமும் நீரோட்டமும் குறைவாகப் போதும். பிடிக்காத இடத்தில் ஒட்டினால் கழன்று மிதந்து போய்விடும். காலையில் பம்ப் வாயில் தேட வேண்டியிருக்கும்.

கடைத் தொட்டிகளில் நீல விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் எதுவும் ஜொலிக்கும். வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். மஞ்சளும் ரோஸும் பளீரென்று, தண்டிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் பூசினதுபோல் இருந்தால் சாயம் ஏற்றியதோ என்று சந்தேகப்படுங்கள். சாயம் ஏற்றிய லெதர்கள் சந்தையில் உண்டு. அடிப்பகுதி கறுத்து, தொட்டால் நாற்றம் வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சட்டத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகள் எல்லாம் அதில் உண்டு. கடைசி இரண்டும் எட்டுக் கை கூட்டத்தைச் சேர்ந்தவை. 'மென்பவளம்தானே, பிரச்சினை இல்லை' என்பது அங்கே அடிபட்டுப்போகிறது. செத்த பவளக் கல்லுக்கும் இதே விதிதான். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தொட்டியில் வைப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து 'லைவ் ராக்' (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல் பாறை) வந்தது என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். செயற்கையாக வார்த்த பீங்கான், சிமென்ட் பாறைகள் கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேறக் கொஞ்சம் நாளாகும், மற்றபடி குறையில்லை. பவளம் வாங்கும்போது பில் கேளுங்கள், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வளர்ப்பவர் ஒருவரின் தொட்டியில் வெட்டி வளர்த்த ஃப்ராக் (பவளத் துண்டு) கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

தண்ணீர்

100 முதல் 150 லிட்டர் தொட்டி ஆரம்பத்துக்குச் சரி. சின்னத் தொட்டி மலிவு என்று 20 லிட்டரில் இறங்காதீர்கள். ஒரு மத்தியான வெயிலில் அதன் உப்பும் சூடும் தலைகீழாகிவிடும்.

உப்பு கலக்க ஆர்ஓ தண்ணீர் வேண்டும் என்றதும் பலர் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மெஷினில் பிடித்து ஊற்றுகிறார்கள். அந்த மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் தாது உப்பைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும்; மீட்டரில் அளந்தால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50, 100 என்று காட்டும். அதைவிட மோசம், இப்போது வரும் 'காப்பர்' வகைகள். குடிக்கிறவருக்கு நல்லதோ என்னவோ, பவளத்துக்கும் இறாலுக்கும் செம்பு விஷம். டிஐ ரெசின் குடுவையோடு (ஆர்ஓவில் மிஞ்சும் உப்பையும் பிடித்துக்கொள்வது) தனி ஆர்ஓ வைத்து, டிடிஎஸ் பூஜ்யம் காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். மீன்களுக்குச் செம்பு கலந்த மருந்து தரவேண்டி வந்தாலும் தனித் தொட்டியில்தான்.

ரீஃப் சால்ட் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு பொதுவாக லிட்டருக்கு 36 முதல் 40 கிராம். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து வீணாகும். சிறு பம்ப் போட்டு ஓடவிட்டு, மறுநாள் ரீஃபிராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) அளந்து ஒப்படர்த்தி 1.025 வந்ததும் ஊற்றலாம். மீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம் கொண்டு சரிபார்ப்பது நல்லது. வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மேலே அளவு தப்பக்கூடும்.

சென்னையில் கடல்நீரையே கேனில் பிடித்து வருபவர்கள் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு சட்டென்று இறங்கும், முகத்துவாரம் பக்கம் சாக்கடையும் சேரும். புதியவர்களுக்கு நான் பாக்கெட் உப்பைத்தான் சொல்வேன்.

தொட்டியை ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமாகும் வரை பொறுத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு அப்புறமும் பழுப்புப் பாசி ஒரு சுற்று வந்து போகும். அது அடங்கிய பிறகு முதல் பவளம்.

வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள்: சூடு 25–27 டிகிரி, காரத்தன்மை 8–9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250–1350 பிபிஎம். கல்கூடு கட்டாத உயிர் என்பதால் கால்சியத்தைத் தனியாக ஊற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே ஈடாகிவிடும். நைட்ரேட் 5 முதல் 20, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். மென்பவளத்துக்குக் கொஞ்சம் 'அழுக்கு' பிடிக்கும். சுத்தமோ சுத்தம் என்று பராமரித்த தொட்டியில் அது வெளிறி, பாலிப்பை உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கும். மணலில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் வழவழப்பான படலம் வேறு வந்துசேரும்.

கோடையும் கரண்ட் கட்டும்

நம் ஊரில் மென்பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் சூடு. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. நீர் சூடாகி அப்படியே நின்றால் அந்தப் பாசி வெளியேற்றப்பட்டு பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கோடையில் பரவலாக நடந்தது இதுதான். தொட்டியில் 28 வரை தாங்கும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் ஓடவிடலாம், இரண்டு மூன்று டிகிரி குறையும். கோவை, மதுரைப் பக்கம் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் குறைவு. ஃபேன் ஓடினால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குத் தினமும் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையில் அந்தக் கோடுவரை நிரப்புங்கள். கை வந்தபின் ஆட்டோ டாப்-அப் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கையும் சில்லரையும் கோக்காதீர்கள். ஒரு வேவ்மேக்கரை (நீரை அசைக்கும் பம்ப்) மட்டும் கோத்தால் போதும். சிறியது 10, 15 வாட்தான் இழுக்கும். மேல்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் ஆக்சிஜன் போய்ச் சேரும். வெளிச்சம் இல்லாமல் ஒரு நாள் முழுக்க இருந்தாலும் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று

விளக்கை அணைத்துவிடுங்கள். பையை மூடியபடியே இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு வாளியில் கொட்டி, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீர் சொட்டுச் சொட்டாக விழும்படி முக்கால் மணி நேரம் விடுங்கள். அடுத்து கோரல் டிப் (பூச்சிகளை விரட்டும் மருந்து நீர்) குளியல், பாட்டிலில் சொன்ன நேரம் மட்டும். குளியலின்போது கல்லை லேசாக உலுக்கினால் தட்டைப்புழு, பவளம் தின்னும் நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) எல்லாம் உதிர்ந்து அடியில் கிடக்கும். பை தண்ணீரும் டிப் தண்ணீரும் தொட்டிக்குள் போகவே கூடாது.

பவளம் ஒட்டிவந்த பிளக்கை (அடியிலுள்ள சிறு கட்டை) பூதக்கண்ணாடியில் பாருங்கள். அரைச் சென்டிமீட்டரில் ஒரு பழுப்புத் தண்டு, உச்சியில் கூரான மெல்லிய கைகள், தொட்டதும் சுருக்கென்று உள்ளே போகிறதா? அது ஏப்டேசியா. 'ஓசியில் ஒரு பவளம் வந்திருக்கிறது' என்று மகிழ்ந்துவிடாதீர்கள், அது கொட்டும் களை. நசுக்கினால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். பிளக்கை மாற்றிவிடுவதே சுலபம். தொட்டிக்குள் போய்விட்டால் பெப்பர்மின்ட் இறால் தின்று தீர்க்கும்.

முதல் வாரம் அடியில், மங்கலான இடத்தில் வையுங்கள். பிறகு மெல்ல ஏற்றுங்கள். பார் மீட்டர் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளப்பது) கிடைத்தால் மஷ்ரூமுக்கு 50 சுற்று, லெதருக்கு 100–150. நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்காமல், பாலிப்புகள் இப்படியும் அப்படியும் ஆடும் அளவுக்கு இருக்கட்டும். ஒருவர்மேல் ஒருவர் படாமல் இடைவெளி விடுங்கள். மென்பவளங்கள் கொட்டிச் சண்டை போடுவதைவிட ரசாயனச் சண்டைதான் அதிகம் போடும். டெர்பீன் சேர்மங்களை நீரில் கசியவிட்டுப் பக்கத்தில் உள்ளதை வளரவிடாமல் அடக்கும். லெதர் வைத்த தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பனை நிரந்தரமாக வைத்து, மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு மெனக்கெட வேண்டாம். மீனுக்குப் போடுவதில் மிஞ்சுவதே போதும்.

சுருங்கினால்

டோட்ஸ்டூல் வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். நேற்றுவரை விரிந்திருந்தது இன்று பாலிப்பை முழுக்க உள்ளிழுத்துக்கொள்ளும். குடை மங்கி, மேலே மெழுகு தடவியது போன்ற பளபளப்பு வரும். நான்கைந்து நாளில் அந்தப் பளபளப்பின்மேல் பாசியும் தூசியும் படியும். பார்க்கச் செத்ததுபோலவே இருக்கும். பிறகு அந்தப் படலம் ஓரத்தில் கிழிந்து, நீரோட்டத்தில் படபடத்து, தோலாக உரிந்து போகும். உள்ளே புதுக் குடை, முன்னைவிடப் பெரிதாக. ஒரு வாரத்தில் முடிவதும் உண்டு, இரண்டு மூன்று வாரம் இழுப்பதும் உண்டு. தன்மேல் ஒட்டும் பாசியையும் அழுக்கையும் கழற்றிப் போடும் வழி அது. இந்தச் சமயத்தில் இடம் மாற்றுவது, டிப் செய்வது, மருந்து ஊற்றுவது எல்லாம் கெடுதல். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

உண்மையில் பதற வேண்டியது வேறு. சதை ஓரிடத்தில் கறுத்தோ பழுப்பாகவோ கூழாகி, தொட்டால் விரலோடு வந்து, அழுகல் நாற்றம் அடித்தால் அது அழுகல். அன்றே வெளியே எடுத்து, நல்ல சதை வரை தள்ளி வெட்டி, கெட்டதை எறிந்துவிட வேண்டும். தொட்டி முழுக்க எல்லாப் பவளமும் ஒரே நாளில் சுருங்கினால் பவளத்தைப் பார்க்காதீர்கள். உப்பையும் சூட்டையும் அளந்து பாருங்கள்.

ஜோவாந்திட்டைத் தொடும் முன்

பாலிதோவா என்ற ஜோவாந்திட் வகையில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஹவாயில் கிடைத்த ஒரு பாலிதோவாவிலிருந்து 1971இல் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் உள்ள மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. எந்தத் துண்டில் எவ்வளவு என்று பார்வையில் தெரியாது. கையுறை, கண்ணாடி போடாமல் வெட்டாதீர்கள், கையில் வெட்டுக்காயத்தோடு தொடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தத் தொட்டியோடு அதை விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்கவைப்பதோ கூடவே கூடாது. நஞ்சு ஆவியோடு கலந்து வீடு முழுக்கப் பரவி, குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாயில் உலோகக் கசப்பு, குளிர்க்காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே எல்லாரும் வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள். 'பாலிடாக்சின்' என்ற பெயரை எழுதிக் கொடுங்கள். கடல் பவளம் என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் புரியாது.

வெட்டிப் பெருக்க

லெதர் ஒரு சாண் வளர்ந்துவிட்டால் வெட்டலாம். தொட்டிக்கு வெளியே, தட்டில் வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பில். வழவழவென்று சளி கொட்டும், வாடை வரும், அது இயல்பு. துண்டைத் தனியாக எடுத்த கடல்நீரில் அலசிவிட்டுத் தொட்டியில் போடுங்கள். கார்பனை அன்றே புதிதாக மாற்றுங்கள். ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரிக்கும் கருவி) நுரை தள்ளும், கப்பைக் காலி செய்துகொண்டே இருங்கள்.

சூப்பர் குளூ ஜெல் கடினப் பவளத்துக்குப் பிடிப்பதுபோல் லெதருக்குப் பிடிக்காது, சளியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். துண்டைச் சின்னக் கல்லின் மேல் வைத்து, மெல்லிய வலைத் துணியால் மூடியோ, ரப்பர் பேண்டைத் தளர்வாகப் போட்டோ, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள்; இறுக்கமாக இருந்து அப்படியே விட்டால் சதையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.